ஏரிக்கடியில் கிடந்த விமானம் எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

"நெதர்லாந்தில் ஏரிக்குள்ளிருந்து இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றை வெளியே எடுத்தார்கள் என்று படித்தேன். படத்தில் பார்த்தால் வெறும் நசுங்கிய தகரத் துண்டுகள். அது இன்ன விமானம், உள்ளே இன்னார் இருந்தார் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? ஊகம்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவர் சொல்வது அநேகமாக பிகே 716 என்ற ஸ்டர்லிங் விமானமாக இருக்கும். நான்கு எஞ்சின் பூட்டிய பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் அது. 1943 மார்ச் 29 இரவு, இங்கிலாந்தின் டவுனம் மார்க்கெட் தளத்திலிருந்து 218-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப்படை அணியின் ஏழு பேருடன் பெர்லினை நோக்கிக் கிளம்பியது. திரும்பவில்லை. 2008-ல் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள மார்க்கர்மீர் ஏரியில் ஒரு படகின் நங்கூரத்தில் சக்கர அமைப்பின் ஒரு பகுதி மாட்டிக்கொண்டு மேலே வந்தது. 2020-ல் நெதர்லாந்து அரசு முழுச் சிதைவையும் எடுத்தது. நடுவில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி, "இது எந்த விமானம்?" என்ற ஒரே கேள்வியில் கழிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறையைச் சொன்னால் ஊகத்துக்கு எவ்வளவு குறைவான இடம் இருக்கிறது என்று புரியும்.

முதலில் விமான வகை. இது சுலபமான கட்டம். அக்காலத்தின் இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரில் பெரும்பாலானவற்றுக்கு மெர்லின் எஞ்சின்: பன்னிரண்டு சிலிண்டர்கள் 'வி' வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும், திரவத்தால் குளிரும். ஸ்டர்லிங்குக்கு ஹெர்குலிஸ்: பதினான்கு சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும், காற்றால் குளிரும். எண்பது வருடம் சேற்றில் கிடந்தாலும் இந்த வித்தியாசம் மறையாது. ஸ்டர்லிங்கின் சக்கரக் கால்கள் அதைவிடத் தனித்தன்மை கொண்டவை. பாதி அளவில் செய்த சோதனை விமானத்தை ஓட்டிப் பார்த்தபோது, மேலெழும்ப அதிக ஓடுபாதை தேவைப்பட்டது. இறக்கையின் கோணத்தை மாற்றினால் நாளாகும் என்று, முன்கால்களை நீட்டி மூக்கைத் தூக்கிவிட்டார்கள். அதனால் வழக்கத்துக்கு மாறான, இரண்டு கட்டமாக மடங்கும் நெட்டைக் கால்கள் அதற்கு அமைந்தன.

சரி, ஸ்டர்லிங் என்று தெரிந்துவிட்டது. எந்த ஸ்டர்லிங்?

ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு அடையாளங்கள். ஒன்று, பக்கவாட்டில் பெரிதாக எழுதிய குறி எழுத்துகள். 218-வது ஸ்குவாட்ரனின் குறி எச்ஏ. அதன்பின் அந்த விமானத்துக்கான ஓர் எழுத்து. இன்னொன்று, தொழிற்சாலையில் பெற்ற தொடர் எண்; பிகே 716 என்பது அதுதான். குறி எழுத்து என்பது பஸ்ஸின் தடப் பலகை மாதிரி. ஒரு வண்டி போனால் அதே பலகை அடுத்த வண்டிக்கு. தொடர் எண் பதிவு எண் மாதிரி, ஒரு முறைதான். ஒரே எழுத்தை ஒரே ஆண்டில் அடுத்தடுத்து மூன்று நான்கு விமானங்கள் சுமந்ததும் உண்டு. ஆகவே அந்தக் காலப் புகைப்படத்தில் தெரியும் எழுத்தை மட்டும் நம்பி, "இது என் தாத்தாவின் விமானம்" என்று சொல்லிவிடக் கூடாது.

தொடர் எண்களிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. வேண்டுமென்றே நடுவில் எண்களை விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். விழுந்த விமானங்களின் எண்களைப் பார்த்து எதிரி உற்பத்தியைக் கணக்கிட்டுவிடக் கூடாதே. அந்தப் பயம் நியாயமானது. ஜெர்மானிய டாங்கிகளில் இருந்த எண்களை வைத்து நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் அதையேதான் செய்தார்கள். 1942 ஆகஸ்டில் ஜெர்மனி தயாரித்த டாங்கிகள் 1,550 என்றது உளவுத் துறை. எண்களை வைத்துப் போட்ட கணக்கு 327 என்றது. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானிய ஏட்டில் இருந்தது 342.

இனி, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தொலைந்த விமானத்தின் கதை இரண்டு எதிரி நாடுகளின் அலுவலகங்களில் பாதிப் பாதியாக இருக்கிறது. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு செயல்பாட்டு ஏடு எழுதின. விமானத்தின் தொடர் எண், அதில் போனவர்களின் பெயர்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் எல்லாம் அதில் வரும். இன்று அவை லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. திரும்பாத விமானத்துக்கு மட்டும் கிளம்பிய நேரத்தோடு வரி நின்றுவிடும். அப்புறம் என்ன நடந்தது என்று எழுதியவருக்கே தெரியாது.

மறுபாதி ஜெர்மானியர்களிடம். அவர்களுடைய இரவுப் போர் விமானங்கள் வானத்தை மேய்ந்துகொண்டு திரியவில்லை. கடற்கரையை ஒட்டி வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ராடார் குண்டுவீச்சு விமானத்தைத் தொடரும். இன்னொன்று தங்கள் விமானத்தைத் தொடரும். தரையில் இருப்பவர் இரண்டையும் மேஜை வரைபடத்தில் பார்த்து, "இடப்பக்கம் திரும்பு, கொஞ்சம் இறங்கு" என்று வானொலியில் வழிநடத்துவார். அதனால் ஒரு விமானி "வீழ்த்தினேன்" என்று பதிவு செய்யும்போது நேரம், இடம், உயரம் மூன்றும் கூடவே வரும். ஆனால் வீழ்ந்தது எந்த விமானம் என்ற எண் வராது. இருட்டில் யார் எண்ணைப் படித்தார்கள்?

ஒரு பக்கம் எண்ணும் பெயரும் இருக்கின்றன, முடிவு இல்லை. மறுபக்கம் முடிவு இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் தைக்கும் நூல் நேரம்தான்.

அந்த நேரத்தில்தான் சிக்கலும். போர்க்காலத்தில் பிரிட்டன் குளிர்காலம் முழுவதும் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் வைத்திருந்தது. கோடையில் இரண்டு மணி முன்னால். ஜெர்மனியும் ஆக்கிரமிக்கப்பட்ட நெதர்லாந்தும் 1942-43 குளிர்காலத்தில் அதே ஒரு மணி முன்னால்தான். ஆக இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒன்றாகவே ஓடின. ஆனால் ஜெர்மனி 1943 மார்ச் 29 அதிகாலையில் கோடை நேரத்துக்கு மாறியது. பிரிட்டன் மாறியது ஏப்ரல் 4-ல். நடுவில் ஆறு நாட்கள் மட்டும் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். பிகே 716 கிளம்பியது அந்த ஆறில் முதல் இரவு!

ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? கற்பனையாக ஒரு கணக்குப் போடலாம். கிழக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு ஸ்டர்லிங் இரவு 9:45-க்குக் கிளம்பியதாக ஏடு சொல்கிறது. ஏரிக்கு மேல் ஒரு விமானத்தை 11:40-க்கு வீழ்த்தியதாக ஜெர்மானியப் பதிவு. நேராகக் கழித்தால் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு; நியாயமாகத் தெரிகிறது, பொருத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 11:40 பிரிட்டிஷ் கடிகாரத்தில் 10:40. கிளம்பி ஐம்பத்தைந்தே நிமிடம். குண்டுப் பாரத்தோடு மெதுவாக உயரம் ஏறும் ஸ்டர்லிங், முந்நூறு கிலோமீட்டருக்கு மேலான தூரத்தை அந்த நேரத்தில் கடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. சுலபமாகப் பொருந்திய விமானம் பட்டியலை விட்டு வெளியேறுகிறது. அதில் போனவர்களின் குடும்பங்களுக்கு வேறொருவரின் கல்லறையைக் காட்டும் தவறு தவிர்க்கப்படுகிறது. போதாததற்கு, சில தாள்களில் உள்ளூர் நேரம், சிலவற்றில் கிரீன்விச் நேரம். விமானத்துக்குள் வழிகாட்டி எழுதும் குறிப்பேடு ஒரு கணக்கில், தளத்தில் எழுத்தர் எழுதும் ஏடு இன்னொரு கணக்கில் இருக்கலாம். ஒவ்வொரு தாளையும் எடுக்கும்போது, இதை எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார் என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு மனிதரின் கல்லறை இப்படி ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இந்த முறைக்கு வலு தருவது பட்டியலின் எல்லை. அன்றிரவு பெர்லினுக்குப் போனவை 329 விமானங்கள்: 162 லங்காஸ்டர், 103 ஹாலிஃபாக்ஸ், 64 ஸ்டர்லிங். திரும்பாதவை 21, அவற்றில் ஸ்டர்லிங் மூன்றுதான். சிதைவைப் பார்த்து வகையைச் சொன்ன உடனேயே, ஓர் இரவின் 21 விமானங்கள் மூன்றாகச் சுருங்குகின்றன. எந்த இரவு என்றே தெரியாமல் தொடங்கினாலும், அந்த ஏரிப் பகுதியில் விழுந்து, உள்ளே இருந்தவர்கள் கிடைக்காமலே போன ஸ்டர்லிங்குகள் குறைவுதான்.

அப்படியும் முதலில் தவறான முடிவுக்கே வந்தார்கள். மார்க்கர்மீர் சிதைவை பிகே 710 என்ற இன்னொரு ஸ்டர்லிங் என்று நினைத்தார்கள். அதை மாற்றியது ஒரு சிகரெட் பெட்டி. சிதைவில் கிடைத்த அந்தப் பெட்டியில் இருந்த முதலெழுத்துகள் பிகே 710-ல் போன யாருக்கும் பொருந்தவில்லை. பிகே 716-ல் போன ஒருவருக்குப் பொருந்தின. நாடு முழுக்கத் தேடினால் அந்த முதலெழுத்துகள் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். விமானத்துக்கு ஏழு பேர் என்று நாலைந்து விமானங்களே மிஞ்சிய பட்டியலில் ஒருவர்தான். பிரிட்டிஷ் வீரர்கள் கழுத்தில் அணிந்த அடையாள வில்லைகள் அழுத்திய நாரால் ஆனவை, தண்ணீரில் மக்கிவிடும். உலோகத்தால் ஆன சொந்தப் பொருள்கள்தான் மிஞ்சின.

எலும்பு கிடைத்தால் மரபணுச் சோதனை. அணுக்கருவுக்கு வெளியே மைட்டோகாண்டிரியாவில் இருக்கும் டிஎன்ஏ ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் தப்பிப் பிழைக்கும். அது தாய்வழியாக மட்டுமே இறங்கும். விமானப்படையில் இறந்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். பலருக்குத் திருமணம் ஆகவில்லை. ஆனால் அக்கா தங்கை இருந்தால் போதும், அந்தப் பெண்களின் மகள் வழிப் பேரப்பிள்ளைகளிடம் அதே டிஎன்ஏ இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டன் வான்போரில் போர் விமானப் படைக்குத் தலைமை தாங்கிய ஹியூ டவ்டிங், பின்னாளில் இறந்த விமானிகளின் ஆவிகள் தன்னோடு பேசுவதாக நம்பினார், வெளிப்படையாக எழுதவும் செய்தார். அவருடைய துக்கம் உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் அதே ஆண்டுகளில், காணாமல் போனவர்களைத் தேட அமைத்த விமானப்படைப் பிரிவு ஐரோப்பாவின் கிராமம் கிராமமாகப் போனது. பாதிரியார்களின் பதிவேடுகளைப் புரட்டியது, கல்லறைகளைத் திறந்து சட்டைக் காலரில் இருந்த சலவைக் குறியைப் பார்த்தது. காணாமல் போன சுமார் 42,000 பேரில் ஏறத்தாழ 24,000 பேரை அடையாளம் கண்டது. ஒரு தாய்க்குத் தன் மகன் எங்கே கிடக்கிறான் என்று சொன்னது இந்த வேலைதான்.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். நெதர்லாந்தில் சுமார் 5,500 விமானங்கள் விழுந்தன. உள்ளே ஆட்கள் இருக்கக்கூடிய, எடுக்க முடிந்த சிதைவுகள் 30 முதல் 50 என்று கணக்கிட்டு, 2019 முதல் தேசியத் திட்டமாக அரசே பணம் தருகிறது. என் பார்வையில் இது நியாயமான செலவு. அதைவிட முக்கியமான செலவு ஏடுகளைக் காப்பாற்றுவது, ஏனென்றால் மேலே சொன்ன எல்லாமே பட்டியலில் தொடங்குகின்றன. பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குத் தெரியும். அதே 1943-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. அவர்களுக்கு தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி யாரும் ஏடு எழுதவில்லை. இன்று ஓர் எலும்பு கிடைத்து, அதில் டிஎன்ஏவும் முழுசாக இருந்தால்கூட, யாருடைய பேத்தியோடு ஒப்பிடுவது? மலேசியாவிலும் இங்கேயும் மிஞ்சியிருக்கும் குடும்ப நினைவுகளையும் தோட்டக் கணக்குகளையும் சேகரிக்க ஒரு பல்கலைக்கழகமாவது முன்வர வேண்டும் என்று விரும்புகிறேன். தெரிந்தவர்களின் வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

நெதர்லாந்தில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. 1943 ஜூனில் ஜெர்மனியின் போக்கும் (Bochum) நகரத்தைத் தாக்கிவிட்டு வரும் வழியில் ஐசல்மீர் ஏரியில் விழுந்த ஈடி 603 (ED 603) என்ற லங்காஸ்டரை 2023-ல் எடுத்தார்கள். ஏழு பேரில் நால்வரின் உடல்கள் அப்போதே கரை ஒதுங்கி, அடக்கமும் ஆகியிருந்தன. ஆகவே சேற்றைச் சலிக்கத் தொடங்கும் முன்பே, தேடுவது எந்த மூன்று பேரை என்று அவர்களுக்குப் பெயரோடு தெரிந்திருந்தது.