நூல் நம்பரும் மைலேஜும்

திருப்பூரில் பனியன் துணிக்கு நூல் வாங்குகிறவரிடம் 20-ஆம் நம்பர் தடிமனா, 40-ஆம் நம்பர் தடிமனா என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே மாட்டார், 20 தான் தடிமன். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் (அவ்வளவு நீள நூலைச் சுற்றிய கட்டு) எத்தனை வரும் என்பதுதான் அந்த நம்பர். அதே எடையில் நீளம் கூடினால் நூல் மெலியத்தானே செய்யும்? டெக்ஸ் என்று இன்னொரு அளவும் உண்டு. 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது அது. அங்கே எண் கூடினால் நூல் தடிக்கும்.

வண்டிக் கணக்கிலும் இதே இரட்டை வழிதான். "வண்டி எவ்வளவுங்க குடுக்குது?" என்று நாம் கேட்பது நூல் நம்பர் மாதிரி: ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். ஐரோப்பாவில் சொல்வது டெக்ஸ் மாதிரி: 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். மாற்றுவது சுலபம். 100-ஐ மைலேஜால் வகுத்தால் போதும். 20 தரும் கார் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கிறது.

செலவு என்று வந்துவிட்டால் இரண்டாவது அளவைத்தான் நான் நம்புவேன். 4 தந்துகொண்டிருந்த நாமக்கல் லாரி ஒன்று 5 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 தந்த பைக் 60 தருகிறது. பைக்குக்கு 10 கூடியிருக்கிறது, லாரிக்கு 1 தான். ஆனால் 100 கிலோமீட்டரில் பைக் மிச்சம் பிடிப்பது மூன்றில் ஒரு லிட்டர். லாரியோ 25 லிட்டரிலிருந்து 20-க்கு இறங்கிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டர் லோடுக்கு 50 லிட்டர் டீசல் மிச்சம்! டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்த்துப் பார்த்து, அரைக் கிலோமீட்டர் கூட்ட மெனக்கெடும் லாரிக்காரர்கள் சரியான இடத்தில்தான் மெனக்கெடுகிறார்கள்.

சராசரி எடுக்கும்போதும் மைலேஜ் ஏமாற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு பைக்கில் ஏறுகிறோம். கணக்குக்காக 30 கிலோமீட்டர் என்று வைப்போம். ஏற்றத்தில் 30 தருகிறது, இறக்கத்தில் 60. சராசரி 45 என்று சொல்லத் தோன்றும். ஏற ஒரு லிட்டர், இறங்க அரை லிட்டர். ஆக 60 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர், அதாவது 40. (இறக்கத்தில் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.)

வெளிநாட்டுச் சொந்தக்காரர் "என் கார் 40 குடுக்குது" என்றால், எந்த நாடு என்று முதலில் கேளுங்கள். அது கேலனுக்கு எத்தனை மைல் என்ற கணக்கு. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்கா என்றால் 0.425-ஆல் பெருக்குங்கள், நம் கணக்கில் 17. பிரிட்டன் என்றால் 0.354-ஆல், 14 சொச்சம். பேட்டரி ஸ்கூட்டருக்கு லிட்டரின் இடத்தில் யூனிட். ஒரு யூனிட் 1000 வாட்-அவர். யூனிட்டுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 25 வாட்-அவர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. லிட்டர் கன அளவு, கிலோமீட்டர் நீளம். கன அளவை நீளத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். 50 தரும் பைக்கின் 2 லிட்டரை 100 கிலோமீட்டருக்கு ஒரே இழையாக இழுத்தால், அதன் குறுக்குப் பரப்பு 0.02 சதுர மில்லிமீட்டர், விட்டம் 0.16 மில்லிமீட்டர். டி-சர்ட் பின்னுகிற 30-ஆம் நம்பர் பருத்தி நூலும் கிட்டத்தட்ட இந்தத் தடிமன்தான். அவிநாசியிலிருந்து கோவை வரை சாலை நெடுக அப்படியொரு பெட்ரோல் நூல் கிடக்கிறது, பைக் அதை உறிஞ்சிக்கொண்டே போகிறது. பக்கத்தில் போகும் லாரிக்கு அந்த நூல் அரை மில்லிமீட்டருக்கும் சற்றுத் தடிமன்.