நாய் கற்றுக்கொண்டது உங்கள் முழங்கையை

வீட்டில் நாய் இருந்தால் இதை இன்றைக்கே செய்து பாருங்கள். அதற்கு 'சிட்' நன்றாகத் தெரியும் என்று நீங்கள் சத்தியம் செய்யத் தயாராக இருக்க வேண்டும், அது முக்கியம். தரையில் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். மின்விசிறியைப் பார்த்தபடி, வழக்கமான குரலில் ஒரே ஒரு முறை 'சிட்' என்று சொல்லுங்கள்.

பெரும்பாலான நாய்கள் உட்காராது. மூஞ்சியை நக்கும், சுற்றி வரும், குழம்பிப்போய்க் குரைக்கும். எங்கள் வீட்டு மணி என் வயிற்றின் மேல் ஏறி நின்றது. மூன்று வருடமாக 'சிட்' தெரிந்த நாய் அது. பிறகு நான் எழுந்து நின்று, வாயைத் திறக்காமல், வலது முழங்கையை மட்டும் லேசாக மடக்கினேன். டக்கென்று உட்கார்ந்துவிட்டது. நான் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது கற்றுக்கொண்டது என் முழங்கையை.

(நம் வீடுகளில் நாயோடு மட்டும் ஏன் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுகிறோம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். நாய்க்கு 'சிட்' என்றாலும் 'உட்கார்' என்றாலும் ஒன்றுதான்.)

வீட்டுக்குள் இந்தக் குழப்பத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கீழ்ப்படிதல் போட்டிக்குப் போகிறவர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. 1933-ல் நியூயார்க் மாநிலத்தின் மவுன்ட் கிஸ்கோவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பூடில் வளர்ப்பாளர் எட்டு நாய்களை வைத்து அமெரிக்காவின் முதல் ஒபீடியன்ஸ் டெஸ்டை நடத்தினார். பூடில் வெறும் அலங்கார நாய் இல்லை என்று காட்டுவது அவர் ஆசை. 1936-ல் அந்த நாட்டின் நாய் இனப் பதிவு அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் அதை முறையான விதிகளோடு ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அங்கே மொத்த மதிப்பெண் 200. தேற 170 வேண்டும், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வேண்டும். ஹேண்ட்லரின், அதாவது நாயை நடத்திச் செல்பவரின், இடது பக்கத்தில் ஒட்டி நடப்பது, கூப்பிட்டதும் நேராக ஓடிவந்து முன்னால் உட்காருவது, சொன்ன இடத்தில் அசையாமல் இருப்பது என்று அடிப்படைப் பயிற்சிகள் பார்க்க எளிமையாகத்தான் இருக்கும்.

விதிப்புத்தகத்தைப் பிரித்தால்தான் ஒன்று கண்ணில் படும். நாய் எப்படி நடக்க வேண்டும் என்பதோடு, மனிதரின் கைகள் எங்கே இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். நடக்கும்போது கைகள் இயல்பாக வீசலாம், நிற்கும்போது பக்கவாட்டில் தொங்க வேண்டும். இடது கையை வேண்டுமானால் இடுப்புக்கு முன்னால் மடித்து வைத்துக்கொள்ளலாம். பல பயிற்சிகளில் வாய்க் கட்டளை அல்லது சைகை, இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி. 'கம்' என்று சொல்லிவிட்டுத் தலையையும் ஆட்டினால் இரட்டைக் கட்டளை கொடுத்த கணக்கு. நாய் சரியாகவே செய்திருந்தாலும் மதிப்பெண் போகும். வாய் ஒன்றைச் சொல்ல, உடம்பு வேறு வழியில் உதவி செய்துகொண்டிருக்கும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாய் ஏன் காதை விட்டுவிட்டு நம் உடம்பையே பார்க்கிறது? அதன் கண் அதற்குத் தோதானது. நுணுக்கமான விவரங்களைப் பார்ப்பதில் நாய் நம்மைவிட மோசம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. ஆனால் அசைவு என்று வந்துவிட்டால் கதையே வேறு. பதினான்கு போலீஸ் நாய்களை வைத்து நடந்த ஒரு பழைய சோதனையில், கூர்மையான நாய்கள் அசையும் பொருளை 810 முதல் 900 மீட்டர் தொலைவிலிருந்தே கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் இருந்தபோது 585 மீட்டருக்குள் வந்தால்தான் தெரிந்தது. பக்கவாட்டுப் பார்வையும் நம்மைவிட அகலம். முகம் நேராக இருந்தாலும், பக்கத்தில் நடப்பவரின் இடுப்பும் முழங்காலும் அதன் பார்வைக்குள்ளேயே இருக்கும்.

இதெல்லாம் பயிற்சி பெற்ற உயர்சாதி நாய்களின் திறமை என்று நினைக்க வேண்டாம். தெருவில் நாய் துரத்தினால் நாம் என்ன செய்வோம்? குனிவோம். கல் இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று சும்மாவா சொன்னார்கள்! வெறும் தார் ரோட்டில் குனிந்தாலும் நாய் நாலடி பின்வாங்கும். முதுகு வளைந்து கை தரைக்குப் போனால் அடுத்து என்ன வரும் என்று அதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் கொல்கத்தா கிளையைச் சேர்ந்தவர்கள் 160 தெரு நாய்களிடம் ஒரு சோதனை நடத்தி 2020-ல் வெளியிட்டார்கள். இரண்டு மூடிய கிண்ணங்கள். தள்ளி நிற்கும் ஒருவர் அதில் ஒன்றைக் கைகாட்டுவார். சுமார் பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை, பயம். வந்தவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம், கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பயிற்சி கொடுக்காத நாய்கள் அவை.

சொல்லும் சைகையும் முரண்பட்டால்? இத்தாலியில், தண்ணீரில் தத்தளிப்பவர்களை மீட்கப் பழக்கப்பட்ட நாய்களிடம் இதைச் சோதித்தார்கள், முடிவு 2016-ல் வந்தது. ஒருவர் வாயால் ஒன்றைச் சொல்லி, கையால் வேறொன்றைக் காட்டுவார். பெரும்பாலும் கைதான் ஜெயித்தது.

சரி, மூன்று வருடம் ஒவ்வொரு முறையும் 'சிட்' என்று சொல்லியிருக்கிறேனே, அந்தச் சொல் மணியின் மூளையில் ஏன் ஏறவில்லை? இதற்கான விடை நாயிடமிருந்து வரவில்லை, எலியிடமிருந்து வந்தது. 1960-களின் இறுதியில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியோன் காமின் ஒரு சத்தத்தைக் கொடுத்து, தொடர்ந்து எலிக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார். சத்தம் கேட்டாலே எலி பயப்படப் பழகியது. அடுத்து, சத்தத்தோடு ஒரு விளக்கையும் சேர்த்து, அதே மின்னதிர்ச்சி. பல தடவை இப்படிச் செய்த பிறகு விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தார். எலி அதைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளவே இல்லை. அதிர்ச்சி வருவதைச் சத்தமே முன்கூட்டிச் சொல்லிவிட்டது, விளக்கு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. மூளை அதற்காக மெனக்கெடவில்லை.

இதை அப்படியே நாய்க்குக் கொண்டுவாருங்கள். பிஸ்கட்டைப் பிடித்த கை மூக்குக்கு மேலே போகும், நாய் தலையைத் தூக்கும், பின்பக்கம் தரையில் படும். பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். நாய்க்குக் கையின் அசைவு புரிந்துவிட்ட பிறகு, அதே நொடியில் 'சிட்' என்ற சொல்லையும் சேர்க்கிறோம். கையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்போது சொல் எதற்கு? அது காமினின் விளக்கு மாதிரி ஓரமாக நிற்கிறது. பலருக்கு நிலைமை இன்னும் மோசம். வாய் திறப்பதற்கு முன்பே கை தீனிப்பையை நோக்கிப் போய்விடும். அங்கே உண்மையான கட்டளை தோள்பட்டையிலிருந்து வருகிறது, 'சிட்' என்பது பின்னணி இசை.

மாற்ற வேண்டியது வரிசையைத்தான். உடம்பை அசைக்காமல் முதலில் சொல், பிறகு சின்ன இடைவெளி, அரை நொடியோ ஒரு நொடியோ, அப்புறம் பழைய கை அசைவு. இப்போது சொல் முன்னால் வருவதால், கை வரப்போகிறது என்ற செய்தி அதில் இருக்கிறது. சில நாட்களில் நாய் கைக்காகக் காத்திருக்காமல் சொல்லுக்கே உட்கார ஆரம்பிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. அந்த ஒரு நொடி கையைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

இதுவரை சொன்னது நிற்கும் உடம்பு. நடக்கும் உடம்பில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ஹீல் எனப்படும் ஒட்டி நடக்கும் பயிற்சியில் நாயின் தலைக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பகுதி ஹேண்ட்லரின் இடது இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் நாய் சரியாக வருகிறதா என்று பார்க்க இடது பக்கம் கழுத்தைத் திருப்புகிறார். கழுத்து திரும்பினால் இடது தோளும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் போகும், அவருக்கே தெரியாது. நாய்க்குத் தெரியும். அவர் இடப்பக்கம் திரும்பும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும் அதே தோள் அதே மாதிரிதான் பின்னால் போயிருக்கிறது. எனவே அது வேகத்தைக் குறைக்கிறது. நாய் பின்தங்குகிறதே என்று அவர் இன்னும் நன்றாகத் திரும்பிப் பார்க்கிறார். தோள் இன்னும் பின்னால் போகிறது, நாய் இன்னும் பின்தங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சோம்பேறி நாய். உண்மையில் அது மிகவும் சமர்த்தாகச் சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறது. இதனால்தான் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் தலையை நேராக வைத்து, சில அடி முன்னால் தரையைப் பார்த்து நடக்கச் சொல்கிறார்கள். நாயைக் கடைக்கண்ணால் பார்த்தால் போதும்.

அசைவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. விதி தடுப்பது கூடுதல் சைகையைத்தான், நடையை யார் தடுக்க முடியும்? தேர்ந்த ஹேண்ட்லர்கள் நடையையே மொழியாக்கிக்கொள்கிறார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது இடது காலை முதலில் எடுத்து வைப்பார்கள், 'ஸ்டே' சொல்லிவிட்டுப் பிரியும்போது வலது காலை. நாயின் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது இடது கால், அது அசைந்தால் 'வா' என்று பொருள். நிற்பதற்கு முந்தைய இரண்டு எட்டுகளை எப்போதும் ஒரே மாதிரிச் சுருக்குவார்கள். முழுதாகத் திரும்பும்போது பாதங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் விழும். நடுவருக்கு இது வெறும் நேர்த்தியான நடை. நாய்க்கு இரண்டு எட்டு முன்னதாகவே செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கூப்பிட்டதும் வரும் பயிற்சியில் வேறொரு சிக்கல். நாய் வேகமாக ஓடிவரும், கடைசி நான்கடியில் தயங்கும், எட்டத்தில் உட்கார்ந்துவிடும். மதிப்பெண் போச்சு. அந்த நேரத்து வீடியோவைப் பார்த்தால் பல சமயம் ஹேண்ட்லர் ஆர்வத்தில் முன்னால் சாய்ந்திருப்பார். தெருநாய்க் கதைதான், சிறிய அளவில். மேலே கவியும் உடம்பு இடத்தைப் பிடுங்குகிறது, நாய் இடம் விட்டு உட்காருகிறது. குதிகாலில் எடையைப் போட்டு நிமிர்ந்து நின்றால் அதே நாய் முழங்காலை ஒட்டி வந்து உட்காரும். பயிற்சியே வேண்டாம், அடுத்த முறையே வித்தியாசம் தெரியும் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

மனிதரின் மனதில் இருப்பதும் உடம்பு வழியே கசிகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோப்பம் பிடிக்கும் 18 நாய்-ஹேண்ட்லர் ஜோடிகளை ஒரு தேவாலயத்துக்கு அழைத்து வந்தார்கள். அங்கே எந்தப் பொருளும் ஒளித்து வைக்கப்படவில்லை. சில இடங்களில் சிவப்புக் காகிதம் இருந்தால் அங்கே பொருள் இருக்கிறது என்று ஹேண்ட்லர்களிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். 144 தேடல்களில் 225 முறை, நாய் கண்டுபிடித்துவிட்டதாக ஹேண்ட்லர்கள் அறிவித்தார்கள். நாய் உண்மையிலேயே அடையாளம் காட்டியதா, இவர்கள் பார்க்க விரும்பியதைப் பார்த்தார்களா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் தவறு கயிற்றின் மேல்முனையில் தொடங்கியது.

இப்போது போட்டி நாளை யோசித்துப் பாருங்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது, தோள் காதுவரை ஏறுகிறது, எட்டு குட்டையாகிறது, குரல் ஒரு ஸ்தாயி கூடுகிறது. தீனிப்பையை போட்டிக் களத்துக்குள் கொண்டுபோக முடியாது, அதனால் இடுப்பின் வடிவமே மாறிவிடுகிறது. மாதக்கணக்கில் நாய் மனப்பாடம் செய்த படத்தில் பாதி அழிந்துவிட்டது. 'வீட்டில் நன்றாகச் செய்யுமே!' என்ற புலம்பல் எல்லாப் போட்டி மைதானத்திலும் கேட்கும். வீட்டில் இருந்த ஆள் வேறு, இங்கே நிற்கும் ஆள் வேறு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் 2022 ஆய்வில் நான்கு நாய்கள், ஒருவரின் சாதாரண வியர்வை-மூச்சு மாதிரியையும் அவரே கடினமான மனக்கணக்குப் போட்டுப் பதற்றமான பின் எடுத்த மாதிரியையும் 93.75 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டின. ஆக, தோளை அடக்கினாலும் வியர்வை காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 2019-ல் 58 நாய்களின் முடியையும் உரிமையாளர்களின் முடியையும் எடுத்து, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தது. நீண்டகால அளவு இருவருக்கும் ஒத்துப்போனது, போட்டிக்குப் போகும் நாய்களில் இந்த ஒற்றுமை இன்னும் வலுவாக இருந்தது.

வியர்வைக்கு மருந்தில்லை. படத்தின் மற்ற பகுதிகளைப் பழைய மாதிரியே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அனுபவசாலிகள் பயிற்சியிலேயே தீனிப்பையைக் கழற்றிவிட்டு, பிஸ்கட்டைத் தள்ளியிருக்கும் மேசையில் வைத்துவிடுவார்கள். போட்டிக்குப் போடும் செருப்பையே பயிற்சிக்கும் போடுவார்கள். முக்கியமாக, நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாக நடந்து பழகுவார்கள்.

அதை நானும் இப்போது செய்கிறேன். காலை ஆறு மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், இடது கையை வயிற்றில் மடித்து வைத்து, தலையை நிமிர்த்தி, இருபது எட்டு நேராக நடந்து, நின்று, முழுதாகத் திரும்பி, மறுபடி இருபது எட்டு. முதல் வாரம் வாட்ச்மேன் அண்ணன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் கேட்டேவிட்டார்: "என்ன சார், மணி வரலையா?" மணி மூன்றாவது மாடி பால்கனிக் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நின்றபோது அதுவும் மேலே உட்கார்ந்தது.