சதுரங்க எஞ்சினில் ஓசையின்றி நுழையும் பிழைகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் எழுதும் சதுரங்க எஞ்சின்களை, அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களைப் பார்த்துத் திருத்தித் தருவது என் பணியில் ஒரு பகுதி. (நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சிவபெருமான் சதுரங்க வல்லபநாதராக எழுந்தருளியிருக்கும் வட்டாரத்தில் இந்த ஆர்வம் வியப்புக்குரியதன்று.) எஞ்சின் மோசமாக ஆடுகிறது, காய்களின் மதிப்பெண்ணை மாற்றலாமா என்பதே பெரும்பாலும் அவர்களுடைய கேள்வி. மதிப்பெண்ணில் கைவைப்பதற்கு முன், நகர்வுகள் சரியாக உருவாகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் பலகையை எண்ணின் பிட்டுகளாகக் குறிக்கும் பிட்போர்டில் நேரும் பிழை நிரலை நிறுத்துவதில்லை, தவறான நகர்வு ஒன்றைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

பலகையின் 64 கட்டங்களும் 64 பிட் கொண்ட ஒரே முழு எண்ணில் அடங்குகின்றன; கட்டத்தில் காய் இருந்தால் அதன் பிட் 1, இல்லாவிட்டால் 0. ஏ1 கட்டம் 0ஆவது பிட், எச்1 7ஆவது, ஏ2 8ஆவது, எச்8 63ஆவது. ஆறு வகைக் காய்களுக்கும் இரு நிறங்களுக்குமாக 12 எண்கள் போதும். வெள்ளைச் சிப்பாய்கள் அனைத்தையும் ஒரு கட்டம் முன்னே தள்ள, அவற்றின் எண்ணை 8 இடம் நகர்த்தி, காலிக் கட்டங்களின் எண்ணோடு ‘அண்ட்’ செய்தால் (இரண்டிலும் 1 ஆக உள்ள பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால்) வேலை முடிந்தது. ஆனால் பலகைக்கு ஓரம் உண்டு என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. எச்4இல் நிற்கும் குதிரையை 17 இடம் (இரு வரிசை மேலே, ஒரு கட்டம் வலப்புறம்) நகர்த்தினால், வரப்பில்லாத வயலிலிருந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாய்வதுபோல, அது ஏ7இல் போய் நிற்கும். வலப்புறம் ஒரு கட்டம் விலகும் நகர்வுக்கு எச் நெடுவரிசையையும், இரண்டு கட்டம் விலகும் நகர்வுக்கு ஜி, எச் இரண்டையும் முன்கூட்டியே மறைத்துவிட வேண்டும். இடப்புறத்துக்கு ஏ, பி வரிசைகளை அவ்வாறே.

அடுத்தது நிரல் மொழி வைக்கும் பொறி. ஜாவாவில் சாதாரண 1ஐ (அது 32 பிட் எண்) 40 இடம் நகர்த்தினால் அது 8 இடம் மட்டுமே நகரும். ஜாவாஸ்கிரிப்ட், பிட் செயல்களின்போது சாதாரண எண்களை 32 பிட்டாக வெட்டிவிடும். பைத்தானில் எண்ணுக்கு மேல்வரம்பே இல்லாததால், 64ஐத் தாண்டிய பிட்டுகளை நாமே களைய வேண்டும். யானையும் மந்திரியும் (பிஷப்) செல்லக்கூடிய கட்டங்களை முன்பே கணித்து வைக்கும் ‘மேஜிக்’ அட்டவணையைப் பற்றி மாணவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். கட்டம் கட்டமாக நடக்கும் மெதுவான நிரலோடு ஒப்பிட்டால் அதன் பிழை எளிதில் அகப்பட்டுவிடும்.

சோதனைக்குப் பெர்ஃப்ட் என்ற கணக்கெடுப்பு இருக்கிறது: இரு தரப்பும் மாறி மாறி இத்தனை நகர்வுகள் (இதுவே ஆழம்) ஆட மொத்தம் எத்தனை வழிகள் உண்டு என்று எண்ணுவது. தொடக்க நிலையிலிருந்து ஆழம் 3இல் 8,902, ஆழம் 4இல் 1,97,281, ஆழம் 5இல் 48,65,609 என்று வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழைதான். எனினும் இவை சரியாக வந்துவிட்டன என்று நிம்மதி கொள்வதற்கில்லை; தொடக்க நிலையிலிருந்து காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் நகர்வது) ஆழம் 7இலும், சிப்பாய் ராணியாவது ஆழம் 9இலும்தான் முதலில் நிகழக்கூடும். ஆகவே இவை உடனே நிகழக்கூடிய வேறு நிலைகளிலும் எண்ணிப் பார்ப்பது கட்டாயம். குறிப்பாக, ராஜா, நம் சிப்பாய், எதிரிச் சிப்பாய், எதிரி யானை ஆகிய நான்கும் ஒரே கிடைவரிசையில் நிற்கும்போது, ‘ஆன் பாசான்’ முறையில் (இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நின்ற எதிரிச் சிப்பாயை, அது கடந்த கட்டத்துக்குச் சென்று) வெட்டினால் இரு சிப்பாய்களும் ஒருசேர விலகி ராஜா செக்கில் சிக்கிக்கொள்வார். ஒரு காய் விலகினால் ராஜா செக்கில் சிக்குவாரா என்று பார்க்கும் வழக்கமான ‘பின்’ (pin) சோதனை இதைத் தவறவிடும்.

எண்ணிக்கை பொருந்தாவிட்டால் ஸ்டாக்ஃபிஷ் என்ற புகழ்பெற்ற எஞ்சினில் ‘கோ பெர்ஃப்ட்’ கட்டளையைக் கொடுத்து, ஒவ்வொரு முதல் நகர்வுக்கும் அது தரும் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். மாறுபடும் நகர்வை ஆடிவிட்டு, ஆழத்தை ஒன்று குறைத்து மீண்டும் ஒப்பிட்டுக்கொண்டே போனால், பிழை விளையும் நிலை எது என்பது தெரிந்துவிடும்.