முனிக்கு எதற்கு ‘இனமாற்றம்’?

போன மாதத்தில் மட்டும் இந்தச் சொல்லை நாலு தடவை கேட்டுவிட்டேன். நாலாவது தடவை வாயில் ரோல்ஸ் இருந்தது. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே சண்டைக்குப் போயிருப்பேன்.

வெள்ளவத்தையில் ஒரு ஆறாம் மாடி வீட்டில் ஞாயிறு பின்னேரங்களில் ஆறு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம், 20 பக்கப் பகடை ஒன்று, கதை நடத்த ஒருவர். அந்த ஒருவர் நான். எங்களில் இளைய தம்பி ஒருவர் பாத்திரத் தாளைத் தமிழில் அடித்துக்கொண்டு வந்தார். நல்ல காரியம், பாராட்டினேன். தாளின் மேல்பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன: ‘இனம்’, ‘வகுப்பு’. ஆங்கிலத் தாளில் அவை ‘ரேஸ்’, ‘கிளாஸ்’: பாத்திரம் என்னவாகப் பிறந்தது, என்ன வேலை பார்க்கிறது.

பிரச்சினை புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவரால் வந்தது. அவருக்கு ஒரு முனியாக விளையாட ஆசை. தவம் செய்கிற முனிவர் இல்லை. ஊரில் புளியமரத்தில் இருக்கும் முனி, ‘முனி அடிச்சுப்போட்டுது’ என்று அம்மம்மாமார் சொல்லும் முனி. அது மரத்தால் இறங்கி வந்து பச்சிலை வைத்தியம் பார்க்கிறது என்பது அவருடைய கற்பனை. விளையாட்டின் விதிப் புத்தகத்தில் முனி கிடையாது. நான் 2014ஆம் ஆண்டுப் பதிப்பைப் புரட்டி, அரை ஓர்க்கின் விதிகளை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். ஓர்க் என்பது மேல்நாட்டுக் கதைகளில் வரும் முரட்டு அரக்கர், அரை ஓர்க் அதில் பாதி, மனிதர் பாதி. இருட்டில் 60 அடிக்குக் கண் தெரியும். ஆளைப் பயமுறுத்தும் தேர்ச்சி பிறப்பிலேயே உண்டு. உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்கு இறங்கும்போது, ஓய்வெடுத்து எழும்புவதற்கிடையில் ஒரு தடவை, விழாமல் ஒன்றில் நிற்கலாம். இது முனி இல்லாவிட்டால் வேறு எது? பலத்துக்குக் கிடைக்கும் 2 புள்ளியை மட்டும் விவேகத்துக்கு நகர்த்தினேன், வைத்தியருக்கு அதுதான் தேவை. 2020இல் வந்த துணைப் புத்தகம் அப்படி நகர்த்த இடம் தந்திருக்கிறது.

தம்பி அதைத் தாளில் இப்படி எழுதினார்: ‘இனமாற்றம்: அரை ஓர்க்கிலிருந்து முனி’.

“நான் ஓர்க் இல்லை அண்ணா, முனி” என்றார் தங்கச்சி.

“அதுக்குத்தானே இனமாற்றம் எண்டு போட்டிருக்கிறன்” என்றார் தம்பி.

இந்த ஒரு சொல்லில் இரண்டு பிழை இருக்கிறது. ‘இனம்’ பிழை, ‘மாற்றம்’ அதைவிடப் பிழை.

முதலில் ஆங்கிலச் சொல்லை முடித்துவிடுவோம். ‘ரேஸ்’ பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, பிரெஞ்சுக்கு இத்தாலிய ‘ராட்சா’விலிருந்து. ஓட்டப்பந்தய ‘ரேஸ்’ வேறு சொல், அது பழைய நோர்ஸ் மொழியின் ‘ராஸ்’. கைபேசி மொழிபெயர்ப்பில் போட்டால் உங்கள் எல்ஃபின் (அதே கதைகளில் வரும் கூர்க்காது மாயக்காரர்) ‘பந்தயம்’ என்ன என்று கேட்பது அதனால்தான். ‘கிளாஸ்’ என்பது லத்தீன் ‘கிளாஸிஸ்’, ரோமக் குடிமக்களைச் சொத்தின்படி பிரித்த பிரிவு. அவ்வளவு போதும்.

இனி நம் சொல். இனம் நல்ல பழைய சொல், அதில் குற்றமில்லை. ஆனால் பழைய தமிழில் அதன் முதல் வேலை பிறப்பைச் சொல்வது இல்லை, சேர்க்கையைச் சொல்வது. குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்று ஒரு அதிகாரமே உண்டு. ‘மனத்தானாம் மாந்தர்க்கு உணர்ச்சி இனத்தானாம் இன்னான் எனப்படும் சொல்’ என்ற குறளில் இனம் என்பது நீ யாரோடு திரிகிறாய் என்பதுதான். வல்லினம், மெல்லினம், பாவினம் எல்லாம் ஒன்றாக வைத்து எண்ணத்தக்கவை என்ற பொருளில் வருபவை. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் விளையாட்டில் இனம் என்று சொல்லவேண்டியது, சேர்ந்து குகைக்குள் இறங்கும் அந்தக் கூட்டாளிக் குழுவைத்தான். தம்பிக்கு இதைச் சொன்னேன். “அது அந்தக் காலம் அண்ணா” என்றார். சரி, அந்தக் காலத்தை விடுவோம்.

இந்தக் காலத்துக்கு வந்தால் இன்னும் மோசம். கொழும்பில் இனம் என்பது படிவத்தில் ஒரு கூண்டு. பிறப்புச் சான்றிதழில் தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. குடிசன மதிப்பீட்டில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர் என்று வரிசை. அந்தச் சொல்லோடு நாம் சேர்த்துப் பேசிப் பழகிய மற்றச் சொற்களை நினைத்துப் பாருங்கள்: இனப்பிரச்சினை, இனக்கலவரம், இனவாதம். எங்கள் மேசையில் ஒரு சோனகப் பிள்ளையும், தமிழ் நன்றாகப் பேசும் ஒரு சிங்களப் பிள்ளையும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவரைப் பார்த்து “உன்ர இனம் என்ன?” என்று கேட்டால் அந்த அறையில் ஒரு கணம் சத்தம் நின்றுபோகிறது. எல்ஃபைத்தான் கேட்டோம் என்று விளக்கம் கொடுத்துச் சிரிக்கவேண்டியிருக்கிறது.

இதோடு விதிகளையும் சேருங்கள். 2000ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில் அரை ஓர்க்குக்குப் பலம் 2 கூட, அறிவு 2 குறைவு, வசீகரம் 2 குறைவு. அதைத் தம்பியின் தமிழில் சொன்னால் ‘இந்த இனத்துக்கு அறிவு 2 குறைவு’. சுவரொட்டியில் ஒட்டினால் பொலிஸ் வரும். ஆங்கிலத்தில் விளையாடியவர்களுக்கே இது தைத்திருக்கிறது. பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி இன்னொரு விளையாட்டு 2019இல் தன் இரண்டாம் பதிப்பில் ‘ஆன்செஸ்ட்ரி’, அதாவது மூதாதையர் வழி, என்று போட்டுக்கொண்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘ரேஸ்’ஐ எடுத்துவிட்டு ‘ஸ்பீஷீஸ்’ என்று மாற்றிவிட்டது.

இங்கேதான் தம்பி தன் துருப்பைப் போட்டார். அவர் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். நம் நாட்டுப் பாடப்புத்தகத்தில் ‘ஸ்பீஷீஸ்’ என்பதற்கு இனம் என்றுதான் இருக்கிறது, ஆகவே ஆங்கிலம் இப்போதுதான் என் சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்கிறார். கெட்டிக்காரத்தனமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் பதில் இல்லாமல் யோசித்தேன்.

பதில் இதுதான். அதே பாடப்புத்தகத்தில் இனத்துக்கு மேலே ‘சாதி’, அதற்கு மேலே ‘குடும்பம்’, அப்புறம் ‘வருணம்’, ‘வகுப்பு’ என்று ஏறிக்கொண்டு போகிறது. தவளைக்கு வருணமும் சாதியும் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியவர்கள் நாங்கள். அந்தக் கலைச்சொற்களை ஆக்கியவர்கள் பெரிய வேலை செய்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தச் சொற்கள் ஆய்வுகூடத்துக்குள் இருக்கும்வரைதான் அந்தப் பொருளில் நிற்கும். கதவைத் திறந்து காலி வீதிக்கு வந்தால் சாதி சாதிதான், இனம் இனம்தான். பாத்திரத் தாள் ஆய்வுகூடத்தில் இல்லை. போதாததற்கு, இந்த விளையாட்டில் அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் சர்வசாதாரணமாக உலாவினார்கள். உயிரியல் பார்த்தால் அதற்கே நாலு விளக்கம் எழுதவேண்டும்.

‘வகுப்பு’ம் இலேசுப்பட்டது இல்லை. எங்கள் தங்கச்சியின் அம்மா அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “வகுப்புக்கு நேரே ஏன் பிள்ளை ‘வைத்தியர்’ எண்டு எழுதியிருக்கு, நீ ஓஎல் தானே?” என்று கேட்டாராம். அதுகூடப் பரவாயில்லை. வகுப்பு என்பது பழைய பத்திரிகைத் தமிழில் சமூகப் பிரிவு. வகுப்புவாதம், வகுப்புக் கலவரம் என்ற சொற்களில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. ஆக, இனம் என்று ஒரு பெட்டி, வகுப்பு என்று இன்னொரு பெட்டி. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கும் படிவம் அரசாங்கக் கந்தோரில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் என்ன சொல்? பிறப்பு. இதற்காக ஒரு சொல்லும் புதிதாக ஆக்கத் தேவையில்லை. சிவபுராணத்தை மார்கழியில் பாடியவர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம்: ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய் வல்லசுர ராகி முனிவராய்த் தேவராய்’. கடைசியில் ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’. மனிதர், பேய், கணம், அசுரர், தேவர் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ். முனிவர் என்பது பிறப்பில்லையே, தொழில் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இந்த விளையாட்டிலும் அந்தக் குழப்பம் இருந்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் சண்டைக்காரர், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே தொழில். 1981இல் வந்த அடிப்படைப் பதிப்பில் எல்ஃப் என்பதே ஒரு தொழில், குட்டை உருவத்து ட்வார்ஃப் என்பதே ஒரு தொழில். எல்ஃபாகப் பிறந்தவர் எல்ஃப் வேலைதான் பார்க்கலாம். 1978ஆம் ஆண்டு விதிநூலில் இரண்டும் தனித்தனி. ஆனால் இன்ன பிறப்புக்கு இன்ன தொழில், அதிலும் இன்ன படிவரைதான் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டு 2000இல்தான் முழுதாக அவிழ்ந்தது.

இந்த இடத்தில் ஒரு குறளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்.’ பிறப்பு ஒரு பெட்டி, செய்தொழில் ஒரு பெட்டி. இரண்டு பெயரும் ஒரே வரியில் ஆயத்தமாக இருக்க, நாங்கள் குடிசன மதிப்பீட்டில் போய்க் கடன் வாங்குகிறோம். சூனியம் பிறப்போடு வந்த பாத்திரத்துக்குத் ‘தொழில்’ பொருந்துமா என்று தம்பி கேட்டார். கொஞ்சம் இடிக்கிறதுதான். ‘வித்தை’ என்று போட்டாலும் சண்டை பிடிக்க மாட்டேன். இரும்பால் செய்த ஆட்களும் இந்த விளையாட்டில் உண்டே, அவர்கள் பிறந்தவர்களா என்றும் கேட்டார். கல்லே ஒரு பிறப்பு என்று பாடியிருக்கிறது. அகத்தியர் குடத்தில் பிறந்தார். இரும்பு என்ன பாவம் செய்தது?

இனி ‘மாற்றம்’. தங்கச்சியின் பாத்திரத்தில் என்ன மாறியது? விதி அரை ஓர்க்கின் விதியேதான். பகடை பார்ப்பது அதைத்தான். மாறியது வெளியே தெரியும் தோற்றமும் பெயரும் கதையும். ஆங்கிலத்தில் ‘ரீஸ்கின்’ என்பார்கள், தோலை மாற்றுவது. இதை யாரோ ‘மீள்தோலிடல்’ என்று ஆக்கியிருப்பதையும் பார்த்தேன். மீள்குடியேற்றம், மீள்கட்டமைப்பு என்று எதற்கெடுத்தாலும் முன்னால் ஒரு ‘மீள்’ ஒட்டும் பழக்கம் நம் திணைக்களத் தமிழுக்கு உண்டு, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இதுவும். இன்னொருவர் ‘தோலுரிப்பு’ என்றார். முனியைத் தோலுரித்தால் யார் வைத்தியம் பார்ப்பது?

நம்மிடம் கூத்து இருக்கிறது. ஆடத் தெரிந்த ஒருவர் ஒரு வருடம் அருச்சுனனாக வருவார், அடுத்த வருடம் வேறொரு ராசாவாக வருவார். காலும் தாளமும் பெரும்பாலும் அதேதான், உடுப்பு வேறு. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய் இது இனமாற்றமா என்று கேட்டுப் பாருங்கள். ஆகவே இதற்கு ‘உடுப்பு மாற்றல்’ போதும். 2 புள்ளியை விவேகத்துக்கு நகர்த்தினேனே, அது உடுப்பைப் பிடித்துத் தைப்பது. தையற்காரர் இடுப்பில் கொஞ்சம் பிடிப்பதுபோல. முனிக்கென்று ஒரு விதியை நானே புதிதாக எழுதியிருந்தால்தான் அது வேறு வேலை, அதை ‘வீட்டு விதி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லத் தொடங்கினால் தாளில் இன்னும் கிடக்கிறது. எல்ஃபைத் ‘தேவதை’ என்றும், ட்வார்ஃபைக் ‘குள்ளன்’ என்றும் எழுதியிருந்தார். எல்ஃப் எல்ஃபாகவே இருக்கட்டும், ரோல்ஸும் கட்லட்டும் தமிழில் குடியிருக்கவில்லையா? ஆனால் என்னைத் தூக்கிவாரிப்போட்டது சண்டைக்காரருக்கு அவர் வைத்த பெயர்தான்: ‘5ஆம் மட்டப் போராளி’. தம்பி 2006இல் பிறந்தவர், அவருக்கு அது வெறும் அகராதிச் சொல். நான் கொழும்பில் வளர்ந்த காலத்தில், பையில் இனம் என்று ஒரு பெட்டியும் போராளி என்று ஒரு பெட்டியும் உள்ள தாளோடு சோதனைச்சாவடியில் நின்றிருந்தால், 20 பக்கப் பகடையைக் காட்டித் தப்பியிருக்க முடியாது. மொழிபெயர்ப்பவர் அகராதியை மட்டும் பார்த்தால் போதாது, அந்தத் தாள் யார் வீட்டு மேசையில் கிடக்கப்போகிறது என்றும் பார்க்கவேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘போராளி’யை வெட்டி ‘வாள்காரர்’ என்று எழுதினார். அது என்னுடைய ‘சண்டைக்காரர்’ஐ விட நல்ல சொல்.

போன ஞாயிறு புதிய தாள் வந்தது. பிறப்பு: முனி. அடியில் சின்ன எழுத்தில், விதி: அரை ஓர்க். தொழில்: பச்சிலை வைத்தியர். ‘மட்டம்’ மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, ‘முதலாம் மட்ட வைத்தியர்’ என்று. வாசித்துவிட்டுத் தங்கச்சி முறைத்தார். ‘படி’ என்று மாற்றச் சொன்னேன். அதற்கும் பாடப்புத்தகத்தில் ஆதாரம் இருக்கிறதாம், அடுத்த கிழமை கொண்டுவருகிறாராம்.