ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

ரோடு சைக்கிளில் ஒரே சக்கரம் திரும்பத் திரும்பப் பஞ்சராகிறதா? நேரம் சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் முதல் பஞ்சருக்கான காரணம் இன்னும் அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், டியூபை மட்டும்தான் மாற்றியிருப்போம்.

டயரை மாட்டும்போது அதில் பெயர் அச்சிட்ட இடத்தை வால்வுக்கு நேராக வைப்பது நல்ல பழக்கம். அப்படி வைத்திருந்தால், கழற்றிய டியூபில் காற்றடித்து, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும். டியூப் எந்தப் பக்கமாக இருந்தது என்பது மறந்துவிட்டால் வால்வின் இருபுறமும் தேடுங்கள்.

சாலையைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஏதோ குத்தியிருக்கிறது. முள்ளும் கண்ணாடிச் சில்லும் எளிதில் கண்ணில் பட்டுவிடும். உண்மையிலேயே படுத்துவது கார், லாரி டயர்கள் கிழிந்து சிதறும்போது சாலையில் கொட்டும் மெல்லிய எஃகுக் கம்பிதான். முடி கனம்தான் இருக்கும், ரப்பருக்குள் புதைந்துகொள்ளும், நாம் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போது மட்டும் உள்ளே நீட்டி டியூபைக் குத்தும், கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டயரை அந்த இடத்தில் பின்பக்கமாக மடக்கி, உள்ளே ஒரு பஞ்சை இழுத்துப் பாருங்கள், நார் சிக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம், கிழித்துவிடும்.

ரிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டையா? ரிம்மில் ஸ்போக் துளைகளை மூடும் பட்டையான ரிம் டேப் விலகியிருக்கும். 100 பிஎஸ்ஐ அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 7 கிலோ அழுத்துகிறது. டேப் மூடாத ஸ்போக் துளைக்குள் டியூப் பிதுங்கி, அதன் விளிம்பில் அறுபடும்.

பக்கத்து பக்கத்தில் இரண்டு கீறல்கள் இருந்தால் காற்று குறைவு என்று அர்த்தம்: பள்ளத்தில் இறங்கியபோது ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. மெல்லிய டயரில் இருப்பதே கொஞ்சம் காற்று, அதுவும் ரப்பர் வழியாகத் தானாகவே கசிந்துகொண்டிருக்கும், அதனால் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படாமல் அளவுமானி வைத்த பம்பில் பாருங்கள். இந்த வகைப் பஞ்சர்தான் தொல்லை என்றால், ஃபிரேமில் இடமிருந்தால் 23 மில்லிமீட்டர் டயரை விட்டு 28-க்கு மாறிவிடலாம் என்பேன்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றடிக்கும்போது பம்பை ஆட்டியிருக்கலாம். அங்கே ஒட்டுப் போட்டால் பெரும்பாலும் நிற்காது, டியூபை மாற்றிவிடுங்கள். சரி, தண்ணீரில் அமுக்கியும் டியூபில் குமிழியே வரவில்லையா? அப்புறம் வால்வின் நுனியையும் நனைத்துப் பாருங்கள், உள்ளே காற்றை அடைத்துவைக்கும் கோர் தளர்ந்திருந்தால் அங்கேதான் கசியும்.