பார்க்கின்சன் மாத்திரையும் ரம்மி ஆப்பும்

போன வாரமும் ஒரு குடும்பம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சீட்டுக்கட்டையே தொடாதவராம், இப்போது விடிய விடிய போனில் ரம்மி ஆடி ரிட்டயர்மெண்ட் பணத்தில் பாதியைக் கரைத்துவிட்டார். "இந்த வயசுல புத்தி கெட்டுப்போச்சு டாக்டர்" என்று அவர் முன்னாலேயே மகன் சொல்கிறார். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தால் பார்க்கின்சன் நோய்க்கான பிரமிபெக்சால் மாத்திரை, டோஸ் கூட்டி எழுதியிருக்கிறது, இப்படியும் வரலாம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

புத்தி கெடவில்லை ஐயா. பிரமிபெக்சால், ரோபினிரோல், ரோடிகோடின் பேட்ச் எல்லாம் டோபமைன் அகோனிஸ்ட் வகை, அதாவது மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போலவே வேலை செய்பவை. நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும்தான் கொடுக்கிறோம், ஆனால் மூளையில் ஆசையைத் தூண்டுகிற இடத்தையும் அவை சேர்த்தே கிளப்பிவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்து 2010-ல் வெளியான டொமினியன் ஆய்வில், இந்த மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்டதை வாங்கிக் குவிப்பது, அடங்காத தீனி, பாலியல் வேட்கை இவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் சுமார் 7 சதவீதம்தான். எல்லாம் குணக்கேடு என்றால் மருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூடுகிறது? உடனே "முன்னாடியே மனசுல இருந்ததுதானே வெளியே வருது" என்பார்கள். இளம் வயதில் நோய் வந்தவர், புகைப்பவர், குடும்பத்தில் சூதாட்டப் பழக்கம் உள்ளவர் என்றால் வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் அப்படி எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது. தப்பு என்று தெரிந்துதான் அவரும் ஒளிக்கிறார், திட்டினால் இன்னும் நன்றாக ஒளிப்பார், அவ்வளவுதான்.

பாலியல் தொல்லையை மனைவிகள் வருடக்கணக்கில் விழுங்கிக்கொள்கிறார்கள். இளம் டாக்டர்களுக்கு ஒன்று: "வேற ஏதாவது பிரச்சினை இருக்கா" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள், மனைவியிடம் தனியாகவும் கேளுங்கள்.

சரி, இதைப் படித்ததும் மாத்திரையைக் குப்பையில் போடப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்குப் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று மாதக்கணக்கில் இழுக்கும். நாங்கள் படிப்படியாகக் குறைப்போம், தேவைப்பட்டால் லெவோடோபாவை, அதாவது மூளையில் டோபமைனாகவே மாறும் இன்னொரு பார்க்கின்சன் மருந்தை, கூட்டி ஈடுகட்டுவோம், மனநல ஆலோசனையும் சேர்ப்போம். பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும், ஆனால் ஒரே வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

அதுவரை யுபிஐ வரம்பைக் குறையுங்கள், கார்டை வாங்கி வையுங்கள், ஆப்பை அழித்துவிடுங்கள், எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டே. கால் குடைச்சலுக்கு, அதுதான் இரவில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுமே, அதற்கு இதே மருந்தைச் சின்ன டோஸில் எடுப்பவர்களும் கவனமாக இருங்கள். அப்புறம், சிலர் லெவோடோபாவையே எழுதியதைவிட அதிகமாகப் போட்டுக்கொள்வார்கள். அதனால் அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள், அவர் உங்களுக்குத் தெரியாமல் கடையில் வாங்கி வைத்திருப்பதையும் சேர்த்து.