சீனியர் டெக்னிக்கல் ரைட்டர்: முதுநிலைத் தொழில்நுட்ப எழுத்தாளர்

கருவியையோ மென்பொருளையோ எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதித் தருபவர் டெக்னிக்கல் ரைட்டர். நாகர்கோவிலில் படித்துவிட்டு ஐடி வேலை தேடுகிறவர்கள் இந்தப் பதவியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ‘டெக்னே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கைத்திறன், கலை என்று பொருள். ‘சீனியர்’ லத்தீன், அங்கே அதற்கு வயதில் கூடியவர் என்றே பொருள்.

தமிழில் ‘தொழில்நுட்ப எழுத்தர்’ என்றால் தாலுகா ஆபீஸ் கிளார்க்தான் நினைவுக்கு வருவார். ‘எழுத்தாளர்’ என்பதே சரி. சீனியருக்கு ‘மூத்த’ என்பதைவிட ‘முதுநிலை’ நல்லது. ‘இளநிலை உதவியாளர்’ ஏற்கெனவே நமக்குப் பழகிய பதவிப்பெயர், அதற்கு இது இணையாக நிற்கும்.

‘முது’ வயதை மட்டும் குறிப்பதில்லை. ‘முதுக்குறைவு’ என்றால் பேரறிவு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைச் ‘சிறுமுதுக்குறைவி’ என்கிறான்: வயதில் சிறியவள், அறிவில் முதிர்ந்தவள். இந்தத் தொழிலிலும் பத்து வருட சர்வீஸ் மட்டுமே ஒருவரை முதுநிலை ஆக்கிவிடாது.

குளச்சலிலிருந்து போகும் விசைப்படகுக்கான விஎச்எஃப் வயர்லெஸ் கருவியின் (கரையோடும் மற்ற படகுகளோடும் பேசும் ரேடியோ) கையேட்டை எடுத்துக்கொள்வோம். புதியவர் பொறியாளர் தந்த குறிப்பை வாங்கி, பிழை திருத்தி, பொத்தான்களை இடமிருந்து வலமாக விளக்குவார். மொழி சுத்தமாகவே இருக்கும். முதுநிலையில் இருப்பவர், இதை யார், எந்த நேரத்தில் புரட்டுவார் என்று முதலில் கேட்பார். படகுக்குள் தண்ணீர் ஏறும்போது தேவைப்படுவது 16-ஆம் சேனல். ஆபத்து அழைப்புக்கான அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவார். அப்புறம் துறைமுகத்துக்கே போய், படகு ஓட்டுபவர் கையில் கையேட்டைக் கொடுத்து, என்ஜின் சத்தத்துக்கு நடுவே செய்து பார்க்கச் சொல்வார். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தை மாற்றி எழுதுவார். சில சமயம் எழுத்தால் தீராத சிக்கலாக இருக்கும். அப்போது, பொத்தானின் பெயரையே மாற்றுங்கள் என்று பொறியாளரிடம் போய்ச் சொல்லும் துணிவும் வேண்டும். என் கணிப்பில் இரு நிலைகளையும் பிரித்துக் காட்டுவது இதுதான்.

இளையவர்களின் வரைவை வாசித்து, “இதைச் செய்து பார்த்தீர்களா? எந்த மாடலில்?” என்று கேட்பதும் இந்த வேலையில் பெரும்பங்கு. இப்படிக் கேட்பது பழைய வழக்கம்தான்: தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் குற்றமறக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்ற ஆசிரியர் என்கிறது அதன் முன்னுரையான பாயிரம். அவர் பெயரில் உள்ள ஊர் நம் குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடுதான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை.